தீக்குச்சி வைத்துப் பிரித்த எண்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தங்கள் நாளிதழின் மாணவர் பக்கத்தில் போன வாரம் ஒரு தாயார் கேட்டிருந்தார்: மகன் புரோகிராமிங் கற்றுக்கொள்ள, கம்ப்யூட்டர் மொழிகளில் பைத்தான் நல்லதா, ஜாவா நல்லதா என்று. பதில் எழுதியவர் பைத்தான் என்று சொல்லி, எப்படிப்பட்ட வகுப்பில் சேர்க்கலாம் என்றும் விளக்கியிருந்தார். பதிலில் தவறு ஒன்றும் இல்லை. ஆனால் அதற்கு முன்னால் ஒரு படி இருக்கிறது. அந்தப் படியை வீட்டிலேயே, தமிழிலேயே, காசு செலவில்லாமல் ஏறிவிடலாம். இதை நான் கண்ணால் பார்த்ததால் எழுதுகிறேன். கடிதம் நீண்டுவிட்டது. முழுவதும் வெளியிட இடமில்லை என்றால் கடைசியில் உள்ள வேண்டுகோளையாவது வெளியிடுங்கள்.

நான் 1981-இல் மும்பையில் டிரங்க் ஆபரேட்டராக வேலைக்குச் சேர்ந்து, தொலைபேசித் துறையிலேயே இருந்து ஓய்வு பெற்றவள். ஆர்டினரி கால், அர்ஜென்ட் கால், லைட்னிங் கால் என்று ஊர் ஊராக இணைப்புக் கொடுத்த கை இது. சொந்த ஊர் நாங்குநேரி. இப்போது சயான் கோலிவாடாவில் இருக்கிறேன். கம்ப்யூட்டர் நான் படிக்கவில்லை.

எங்கள் கட்டடத்தில் நான்காம் மாடியில் ஒரு பையன் இருக்கிறான். பத்தாவது வரை மாநகராட்சித் தமிழ்ப் பள்ளி. அதற்குப் பிறகு புத்தகமெல்லாம் இங்கிலீஷ், வகுப்பில் விளக்கம் சொல்வது இந்தி. இப்போது பி.எஸ்.சி. கம்ப்யூட்டர் சயின்ஸ் இரண்டாம் ஆண்டு படிக்கிறான். அவன் அம்மாவுக்கு மாலை ஷிப்டு, அதனால் சாயங்காலம் என் வீட்டில்தான் உட்கார்ந்து படிப்பான். ஜூலையில் மழையால் ரயில் ஓடாத ஒரு நாள் காலையிலேயே வந்துவிட்டான். முகம் வாடியிருந்தது. "ஆச்சி, ரெண்டு நாளா ஒரு கணக்கு வரமாட்டேங்குது. எல்லாரும் போட்டுட்டாங்க" என்றான். "என்ன கணக்குன்னு எனக்குச் சொல்லு எய்யா" என்றேன். அவன் இங்கிலீஷில் வாசித்தான். "அதைத் தமிழில் சொல்லு" என்றேன்.

கணக்கு இதுதான். இலக்கங்கள் மட்டும் உள்ள ஒரு வரிசையைக் கொடுப்பார்கள். நடுவில் இடைவெளியும் இருக்காது, காற்புள்ளியும் இருக்காது. அதை இரண்டோ அதற்கு மேலோ எண்களாகப் பிரிக்க வேண்டும். ஒவ்வொரு எண்ணும் முந்தைய எண்ணைவிடச் சரியாக ஒன்று கூடுதலாக இருக்க வேண்டும். எந்த எண்ணும் பூஜ்ஜியத்தில் தொடங்கக் கூடாது. பிரிக்க முடிந்தால் முதல் எண் எது என்று சொல்ல வேண்டும், முடியாவிட்டால் முடியாது என்று சொல்ல வேண்டும். 4243 என்றால் 42, 43 என்று பிரியும். 7891011 என்றால் 7, 8, 9, 10, 11. 1214 எப்படி வெட்டினாலும் பிரியாது.

அவன் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தபோது ஓர் இடத்தில் நான் நிறுத்தினேன். "எதிலயும் ஜீரோ வரக் கூடாது ஆச்சி" என்றான். அப்படியானால் 910 என்ன ஆகும் என்று கேட்டேன். 9, 10 என்று அழகாகப் பிரிகிறதே? "ஜீரோ இருக்கே, அதனால தள்ளிட்டேன்" என்றான். லீடிங் ஜீரோ என்று இங்கிலீஷில் இருந்ததை, பூஜ்ஜியமே ஆகாது என்று எடுத்துக்கொண்டிருக்கிறான். முன்னால் நிற்கிற பூஜ்ஜியம்தான் கூடாது, பின்னால் நிற்பது எண்ணுக்குச் சொத்து என்று சொன்னவுடன் தலையில் கை வைத்துக்கொண்டான். இரண்டு நாளில் பாதி அந்த ஒரு சொல்லில் போயிருக்கிறது. கணக்கு வராத பையன் இல்லை அவன். கேள்வியே அவனுக்குக் கோணலாகப் போய்ச் சேர்ந்திருந்தது. தமிழ்ப் பள்ளியில் படித்துவிட்டு வெளியே போகும் எத்தனை பிள்ளைகளுக்கு இப்படி நடக்கிறதோ என்று அன்றைக்கு எனக்கு மனசு ஆறவே இல்லை.

சரி, மீதிப் பாதி எங்கே போனது? அவன் எழுதியிருந்த வழி இது: இரண்டு இலக்கங்களுக்கு நடுவில் உள்ள ஒவ்வோர் இடத்திலும் வெட்டலாம், வெட்டாமலும் விடலாம். எல்லா வழியையும் கம்ப்யூட்டர் முயன்று பார்க்கட்டும், எது சரியோ அதை எடுத்துக்கொள்வோம். தப்பான வழி இல்லை. 14 இலக்கம் என்றால் நடுவில் 13 இடம். ஓர் இடத்துக்கு இரண்டு வழி வீதம் 8,192 வழிகள். கம்ப்யூட்டர் கண் மூடித் திறப்பதற்குள் பார்த்துவிடும். ஆனால் அவனுக்குக் கொடுத்த வரிசை 32 இலக்கம் வரை போகும். 31 இடம், 214 கோடியே 74 லட்சத்துக்கும் மேலே வழிகள். அவன் எழுதி அனுப்பிய புரோகிராமைச் சோதிக்கும் கம்ப்யூட்டர், நேரம் தாண்டிவிட்டது என்று ஒவ்வொரு முறையும் திருப்பி அனுப்பிக்கொண்டே இருந்தது.

சமையலறையிலிருந்து தீப்பெட்டியை எடுத்து வந்தேன். பழைய மாதக் காலண்டர் தாளைத் திருப்பிப் போட்டு, ஒரு வரிசையைப் பெரிதாக எழுதச் சொன்னேன். அவன் எழுதியது 99899910001001. "எங்கே வெட்டணுமோ அங்கே குச்சியை வை" என்றேன். முதல் 9-க்குப் பக்கத்தில் ஒரு குச்சி வைத்தான். அடுத்த குச்சிக்கு இடம் தேட ஆரம்பித்தான். அங்கேதான் கையைப் பிடித்தேன். "முதல் எண் 9-ன்னு வெச்சாச்சு. இனி அடுத்தது எதுவா இருக்கணும்?" "பத்து." "தாளில் பத்து இருக்கா?" அடுத்து இருந்தது 98. குச்சியை எடுத்தான். 99-க்குப் பிறகு வைத்தான். அடுத்தது 100 ஆக வேண்டும், இருந்ததோ 899. எடுத்தான். 998-க்குப் பிறகு வைத்தான். அடுத்தது 999, இருக்கிறது. அதற்கு அடுத்தது 1000, இருக்கிறது. 1001, இருக்கிறது. வரிசை முடிந்தது. மூன்றே முயற்சி. அவன் கொஞ்ச நேரம் தாளையே பார்த்துக்கொண்டிருந்தான். அப்புறம் மெதுவாகச் சொன்னான்: "முதல் வெட்டு மட்டும்தான் ஆச்சி நம்ம கையில இருக்கு. மத்த வெட்டெல்லாம் அதுவே சொல்லிடுது."

இதை அவனே சொன்னான். நான் சொல்லவில்லை. அந்த முகத்தை நான் மறக்க மாட்டேன்.

முதல் வெட்டை எவ்வளவு தூரம் தள்ளி வைத்துப் பார்க்க வேண்டும் என்று கேட்டேன். அதற்கும் குச்சியைத் தள்ளித் தள்ளி அவனே பதில் கண்டுபிடித்தான். எண்கள் ஏறிக்கொண்டே போவதால் இரண்டாவது எண் முதல் எண்ணைவிட நீளத்தில் குறையாது. ஆகவே முதல் எண் வரிசையின் பாதியைத் தாண்ட முடியாது. 14 இலக்கத்துக்கு அதிகபட்சம் 7 முயற்சி. 32 இலக்கத்துக்கு 16. இருநூற்றுச் சொச்சம் கோடி எங்கே, பதினாறு எங்கே!

பைத்தானா ஜாவாவா என்று கேட்ட அந்தத் தாயாருக்கு இங்கே ஒன்று சொல்ல வேண்டும். 32 இலக்க வரிசையில் முதல் எண்ணுக்கு 16 இலக்கம் வரைக்கும் வரலாம். ஜாவாவில் எண்ணின் வகையை இன்ட் என்று எழுதினால் 214,74,83,647 வரைதான் தாங்கும், அதைவிடப் பெரிய எண்ணுக்கு லாங் என்று எழுத வேண்டும். பைத்தானில் எண் எவ்வளவு நீண்டாலும் கவலை இல்லை. பையன் இதைச் சொல்லிவிட்டு இன்னொன்றும் காட்டினான். 31 இடத்தில் வெட்டும் வழிகள் 214,74,83,648. ஜாவாவின் இன்ட் தாங்குவது அதைவிட ஒன்றே ஒன்று குறைவு. இரண்டுக்குமே வேர் இரண்டை 31 முறை பெருக்குவதுதான் என்றான். இந்தக் கணக்கில் இரண்டு மொழிக்கும் உள்ள வித்தியாசம் இவ்வளவுதான், தீக்குச்சி இரண்டுக்கும் ஒன்றே.

பிறகு உட்கார்ந்து புரோகிராமை மாற்றி எழுதினான். பெரும்பாலும் சரியாக வந்தது. 1002 என்ற வரிசைக்கு மட்டும் "முடியும், முதல் எண் 1" என்று சொன்னது. எனக்குப் பார்த்தவுடனே சந்தேகம் வந்தது. 1-க்குப் பிறகு வெட்டினால் மிச்சம் 002. அதை அவன் எண்ணாக மாற்றிப் பார்த்திருக்கிறான். எண்ணாக மாற்றினால் 002-இல் முன்னால் உள்ள இரண்டு பூஜ்ஜியமும் உதிர்ந்து வெறும் 2 ஆகிவிடுகிறது. 1, 2 என்று நினைத்துக்கொண்டு கம்ப்யூட்டர் சரி என்று சொல்லிவிட்டது.

என் வேலையில் முதல் மாதமே பழகிய பாடம் இது. டெலிபோன் நம்பர் என்று நாம் சொல்கிறோமே, அது எண் இல்லை, எழுத்து. அதை யாரும் கூட்டிக் கழிப்பதில்லை. மும்பைக்கு 022 என்று எழுதினால் முன்னால் நிற்கும் பூஜ்ஜியத்துக்கு ஒரு வேலை இருக்கிறது: இந்த அழைப்பு ஊரைத் தாண்டிப் போகிறது என்று எக்ஸ்சேஞ்சுக்கு அதுதான் சொல்கிறது. எண் என்று நினைத்து அதை உதிர்த்துவிட்டால் வேறு எங்கோ மணி அடிக்கும். ஆகவே பையனிடம், எண்ணாக மாற்றி ஒப்பிடாதே, எழுத்தாகவே ஒப்பிடு என்றேன். முதல் எண்ணோடு ஒன்றைக் கூட்டி, வந்த விடையை மறுபடி எழுத்தாக்கி, தாளில் அடுத்து அதே எழுத்துகள் அப்படியே இருக்கின்றனவா என்று மட்டும் பார்க்க வேண்டும். அப்படிச் செய்தவுடன் இன்னொரு நன்மையும் கிடைத்தது. பூஜ்ஜியத்துக்காக அவன் நான்கு இடத்தில் தனித்தனி நிபந்தனை எழுதி வைத்திருந்தான். கூட்டிப் பெற்ற எண் ஒருபோதும் பூஜ்ஜியத்தில் தொடங்காது, அதனால் அந்த நிபந்தனைகள் தேவையே இல்லை. வரிசையின் முதல் இலக்கம் பூஜ்ஜியமா என்று ஒரே ஒரு தடவை பார்த்தால் போதும். நான்கையும் அழித்தான். புரோகிராம் பாதியாகக் குறைந்தது. அனுப்பினான். எல்லாவற்றுக்கும் சரி என்று வந்தது.

எங்கே வெட்டுவது என்ற கேள்வியோடுதான் என் வேலைக்காலம் முழுவதும் போயிற்று. வட்டமாகச் சுழற்றும் பழைய டயல் போனை இந்தக் காலத்துப் பிள்ளைகள் பார்த்திருக்க மாட்டார்கள். 1 சுழற்றினால் கம்பியில் ஒரு துடிப்பு போகும், 2-க்கு இரண்டு, 9-க்கு ஒன்பது, பூஜ்ஜியத்துக்குப் பத்து. 22 என்று சுழற்றினால் இரண்டு துடிப்பு, சின்ன இடைவெளி, மறுபடி இரண்டு துடிப்பு. அந்த இடைவெளியைத் தவறவிட்டால் 22 என்பது 4 ஆகிவிடும். அழைப்பு மும்பைக்குப் போகாது. ஊர்க் குறியீடுகளை அமைத்திருக்கும் விதத்தையும் பையனுக்குக் காட்டினேன். சென்னைக்கு 44, திருநெல்வேலிக்கு 462, எங்கள் நாங்குநேரிக்கு 4635. நீளம் ஒன்றுக்கொன்று வேறு. ஊர் எங்கே முடிகிறது, வீட்டு எண் எங்கே தொடங்குகிறது என்று எப்படித் தெரியும்? சென்னைக்கு 44 என்று கொடுத்த பிறகு, 44-இல் தொடங்கும் வேறு குறியீடு எந்த ஊருக்கும் கிடையாது. 463 என்று தனியாக எந்த ஊருக்கும் கொடுக்காததால்தான் 4635 நாங்குநேரிக்குக் கிடைத்தது. குறியீடு நீண்டால் வீட்டு எண் குறையும், இரண்டையும் சேர்த்தால் பத்து இலக்கம். இடைவெளியே இல்லாமல் எழுதினாலும் ஒரே ஒரு விதமாகத்தான் பிரியும். கேட்டுவிட்டுப் பையன் தன் போனில் உள்ள லேண்ட்லைன் எண்களையெல்லாம் எடுத்து வெட்டிப் பார்த்தான்.

என் அப்பா தமிழாசிரியர். சின்ன வயதில் எங்களை வரிசையாக உட்காரவைத்து, "செம்பொன்பதின்றொடி" என்று பலகையில் எழுதிப் பிரிக்கச் சொல்வார். தொல்காப்பிய உரையில் வரும் எடுத்துக்காட்டு அது. செம்பொன் + பதின்றொடி என்று பிரித்தால் பத்துத் தொடி எடையுள்ள பொன். செம்பு + ஒன்பதின்றொடி என்று பிரித்தால் ஒன்பது தொடி எடையுள்ள செம்பு. ஓர் எழுத்துகூட மாறவில்லை. வெட்டும் இடம் கொஞ்சம் தள்ளிப்போனதில் பொன் செம்பாகிவிட்டது, பத்து ஒன்பதாகிவிட்டது. எழுத்து ஒன்றாக இருந்தாலும் ஒலிக்கும் விதத்தில்தான் பொருள் வேறுபடும் என்பது அங்கே சொல்லியிருக்கும் விதி. டயல் போனின் அந்தச் சின்ன இடைவெளியும் இதுவும் ஒன்றுதான் என்று வேலைக்குச் சேர்ந்த பிறகு எனக்குத் தோன்றியது. ஓலைச்சுவடியில் சொல்லுக்குச் சொல் இடம் விட்டு எழுத மாட்டார்கள், புள்ளியும் வைக்க மாட்டார்கள். அதையெல்லாம் பிரித்துப் படித்த மொழி நம்முடையது. தமிழில் கம்ப்யூட்டர் கணக்கு வராது என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வருகிறது.

அடுத்து நடந்ததையும் சொல்லியாக வேண்டும். பையனோடு படிக்கும் இன்னொருவன், இந்தப் பக்கத்தில் உள்ள ஒரு பயிற்சி வகுப்பில் பணம் கட்டிச் சேர்ந்தவன். பெயர் வேண்டாம். அங்கே வேலைத் தேர்வில் வரக்கூடிய கணக்குகளுக்கு விடை எழுதிய புரோகிராம்களை நோட்டாக அச்சடித்துக் கொடுத்து மனப்பாடம் செய்யச் சொல்கிறார்கள். இதே கணக்கு அந்த நோட்டிலும் இருந்தது, அவன் வரி பிசகாமல் ஒப்பித்தான். கேம்பஸ் தேர்வில் ஒரே ஒரு சொல்லை மாற்றிக் கொடுத்துவிட்டார்கள்: ஒன்று கூடுவதற்குப் பதிலாக ஒன்று குறைய வேண்டும். கூட்டல் குறி இருந்த இடத்தில் கழித்தல் குறி போட்டுவிட்டு வந்துவிட்டான். கிடைக்கவில்லை. அழுதுகொண்டு இங்கே வந்தான். அவன் அப்பா அந்த வகுப்புக்காகக் கடன் வாங்கியிருக்கிறார்.

நான் எங்கள் வீட்டுப் பையனைக் கூப்பிட்டு, "ஏறாம இறங்கினா உன் புரோகிராம் நிக்குமா?" என்று கேட்டேன். அவன் கையை வாயில் வைத்து யோசித்தான். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. "பாதிங்கிற கணக்கு நிக்காது ஆச்சி. 10099-ஐப் பாருங்க. 100, 99. முதல் எண்ணே மூணு இலக்கம், பாதியைத் தாண்டிருச்சு. இறங்கும்போது அடுத்த எண் சின்னதாயிடும்ல" என்றான். அந்த இன்னொரு பையன் தாளை இழுத்துப் பார்த்தான். அவன் தவறவிட்டது சரியாக அந்த இடம்தான். பாதி என்று நோட்டில் போட்டிருந்தார்கள், ஏன் பாதி என்று போடவில்லை. அன்றைக்கு இரவு பத்து மணி வரைக்கும் இரண்டு பேரும் தீக்குச்சியோடு உட்கார்ந்திருந்தார்கள். இப்போது ஞாயிற்றுக்கிழமை ஐந்து பேர் வருகிறார்கள். அதில் இரண்டு பேர் எட்டாம் வகுப்பு, கம்ப்யூட்டர் பக்கமே இன்னும் போகாதவர்கள். 13-இல் முதல் எண் 1 என்றால் அடுத்தது 2 ஆக வேண்டுமே, 3 இருக்கிறதே என்று அவர்கள் வாதாடுவதைக் கேட்டால் எனக்குப் பெருமையாக இருக்கிறது.

ஆகவே என் வேண்டுகோள் இது. தங்கள் நாளிதழில் வாரத்துக்கு ஒரு நாள் குறுக்கெழுத்துக்குப் பக்கத்தில், கால் பத்தி இடம் ஒதுக்கி, இப்படி ஒரு கணக்கைத் தமிழில் வெளியிடுங்கள். புரோகிராம் அச்சிட வேண்டாம். கேள்வியைத் தெளிவாகப் போட்டு, சரியாக வருவதற்கு ஓர் எடுத்துக்காட்டும் வராததற்கு ஓர் எடுத்துக்காட்டும் கொடுங்கள். அடுத்த வாரம் விடையைப் போடும்போது, ஏன் அப்படி என்று நான்கு வரி சேர்த்துப் போடுங்கள். பைத்தானில் எழுதுகிறவர்கள் பைத்தானில் எழுதட்டும், தீக்குச்சி வைப்பவர்கள் தீக்குச்சி வைக்கட்டும். தாராவியிலும் கோலிவாடாவிலும் தங்கள் நாளிதழ் இன்னும் கடைக்குக் கடை வருகிறது. கடையில் சும்மா கிடக்கும் தாளைப் பிள்ளைகள் எடுத்துப் பார்ப்பார்கள்.

தொடங்குவதற்கு உதவியாக, நானும் பையனும் சேர்ந்து போட்ட 11 கணக்குகளைக் கையால் எழுதி இத்துடன் இணைத்திருக்கிறேன். விடைகள் தனித் தாளில் உள்ளன. அச்சுக் கோப்பவர்களிடம் ஒன்று மட்டும் சொல்லிவிடுங்கள்: ஏழாவது கணக்கில் உள்ள வரிசை 0123. முன்னால் நிற்கும் பூஜ்ஜியத்தைத் தப்பு என்று நினைத்து எடுத்துவிட வேண்டாம். எடுத்துவிட்டால் விடை மாறிவிடும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற டிரங்க் ஆபரேட்டர்,
சயான் கோலிவாடா, மும்பை.